உள்ளரங்கில் விரைவுச் சூடு: விதிகளும் சுடும் கோட்டின் ஒழுக்கமும்

உள்ளரங்குச் சூட்டுத் தளத்துக்கு முதன்முறை வருகின்றவர்கள், விதிப் பலகையில் ‘முன் அனுமதியின்றி விரைவுச் சூடு கூடாது’ என்ற வரியைக் கண்டதும் அது தமக்குரியதன்று என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். விரைவுச் சூடு என்றதும் அவர்கள் மனத்தில் எழுவது ஒரே அழுத்தில் மழையாகக் கொட்டும் இராணுவத் துப்பாக்கி; தம் கையில் இருப்பதோ ஒவ்வொரு ரவைக்கும் விசையைத் தனித்தனியே அழுத்த வேண்டிய கைத்துப்பாக்கி. ஆனால் அந்த வரி அவர்களுக்காகவே எழுதப்பட்டது. உலகின் பல உள்ளரங்குகளில் ஒரு செக்கனுக்கு ஒரு ரவை என்பதே மேல் எல்லை. சில தளங்கள் இரண்டு, மூன்று செக்கன் இடைவெளி கேட்கின்றன. புதியவர் ஒருவர் பதற்றத்தில் அடுத்தடுத்து இருமுறை விசையை அழுத்தினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்.

கொழும்பில் பல ஆண்டுகளாக இளையவர்களுக்குக் குறிபார்த்துச் சுடுதலைக் கற்பித்து வருகிறேன். விரைவுச் சூட்டுக்கு ஒருவரை அனுமதிக்கும் முன் நான் பார்க்கும் தகுதி ஒன்றே ஒன்று: தொடரின் நடுவே ‘ஸ்டொப்’ என்ற குரல் கேட்டால், அடுத்த ரவை வெளியேறாமல் அவருடைய விரல் நிற்கிறதா? எத்தனை ரவைகள் நடுவட்டத்தில் விழுந்தன என்பதை அதற்குப் பிறகுதான் எண்ணுவேன். கீழே வருகின்ற விதிகளையும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விதி எதற்காக

கைத்துப்பாக்கி வெடித்ததும் பின்னுதைப்பினால் அதன் குழல்வாய் மேலெழும். எழுந்த வாய் பழைய நிலைக்கு இறங்கும் முன்பே விசை மறுபடி அழுத்தப்பட்டால், இரண்டாவது சன்னம் (ரவையிலிருந்து பாயும் குண்டு) முதலாவதற்கு மேலாகவே போகும். குழல் ஒரேயொரு பாகை உயர்ந்தாலும் 10 மீற்றரில் சுமார் 17 சென்ரிமீற்றர், 25 மீற்றரில் சுமார் 44 சென்ரிமீற்றர் விலகல் ஏற்படும். நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்திருக்கும் துப்பாக்கியின் வாய் 6 பாகை எழுந்துவிட்டால், மூன்று மீற்றர் உயரமான கூரையைச் சன்னம் 15 மீற்றர் தூரத்துக்குள் தொட்டுவிடும். அந்தக் கூரையில் தடுப்புத் தகடுகளும், விளக்குகளும், காற்றோட்டக் குழாய்களும், இலக்குத் தாளை முன்னும் பின்னும் கொண்டுசெல்லும் கம்பியும் உள்ளன. திறந்தவெளித் தளத்தில் வழிதவறிய சன்னம் பெரும்பாலும் மண்மேட்டில் புதைந்துபோகும். உள்ளரங்கிலோ பக்கச்சுவரும் தரையும் கூரையும் கடினமானவை என்பதால், அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதைச் சுட்டவரும் அறியார், அருகில் நிற்பவரும் அறியார்.

அருகில் நிற்பவரைப் பற்றி இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர்களுக்கு அதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். போர்க்காலத்தைக் கடந்து வந்த வீடுகள் நம்முடையவை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிற் சிலர், முதல் வெடிச் சத்தத்திலேயே முகம் மாறி வெளியே சென்று நிற்பதைக் கண்டிருக்கிறேன். தனித்தனியாக எழும் சத்தத்தைத் தாங்கிக்கொள்கின்றவர்கூட, மூடிய அறைக்குள் அடுத்தடுத்து ஐந்து வெடிகள் திடீரென எழும்போது துணுக்குறலாம். துணுக்குறுபவரின் கையிலும் ரவை நிரப்பிய துப்பாக்கி இருக்கக்கூடும். ஆகவே அனுமதி பெற்றவரும் தொடரைத் தொடங்கும் முன், இரு பக்கத்துத் தடங்களிலும் நிற்பவர்களிடம் ‘அடுத்தது விரைவுத் தொடர், ஐந்து ரவைகள்’ என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அண்ணா, அக்கா, ஐயா என்று விளித்து அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறு அறிவிப்பை எந்தப் பலகையும் எழுதிவைப்பதில்லை.

புறப்படும் முன்

இலங்கையில் சுடுகலன் வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி கொண்டுவருபவர் பத்திரத்தையும் உடன் கொண்டுவர வேண்டும். துப்பாக்கியும் ரவைகளும் தனித்தனியே பூட்டிய பெட்டிகளில், குழலின் பின்முனையில் ரவை அமரும் அறை வெறுமையாக, மகசின் (ரவைகளை அடுக்கிச் செருகும் கூடு) கழற்றப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். வழியில் ‘ஒரு நிமிடம் பார்க்கலாமா’ என்று நண்பர் கேட்டாலும் பெட்டி திறக்கப்படுவது தளத்தின் சுடும் கோட்டில் மட்டுமே.

உடையைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம் உண்டு. ஒரு சனிக்கிழமை காலை, பத்தொன்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் சிறு ரவையிடும் ‘.22’ கைத்துப்பாக்கியால் ஐந்து ரவைத் தொடர் ஒன்றைச் சுட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ரவை வெடித்ததும் வெளியே தெறித்த அதன் வெற்றுக் கோது வலப்பக்கத் தடுப்பில் மோதித் திரும்பி, அவர் அணிந்திருந்த தளர்ந்த கழுத்துடைய சட்டைக்குள் விழுந்தது. சூடான பித்தளை தோலில் ஒட்டியதும் அவர் இடக்கையால் கழுத்தைப் பற்றியவாறு உடம்பை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பினார், வலக்கையில் இன்னும் இரண்டு ரவைகளுடன் துப்பாக்கி, விரல் விசைமேல். அடுத்த தடத்தில் ஒரு பெண் குனிந்து ரவைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றதால் மணிக்கட்டைப் பிடித்துக் குழலை முன்பக்கமாகத் தள்ள முடிந்தது. கோது விட்டுச்சென்றது பயறளவு கொப்புளம் ஒன்றுதான். அந்தத் தம்பி அதன்பின் அரைமணி நேரம் நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருந்தார். நானும் அன்று வேறு எவருக்கும் விரைவுத் தொடர் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, மூடிய சப்பாத்து, முன்விளிம்புடைய தொப்பி ஆகியவை இல்லாதவரை நான் கோட்டுக்கு விடுவதில்லை. செருப்புடன் வருபவரைத் திருப்பி அனுப்பவும் தயங்குவதில்லை. அத்துடன் வெற்றுத் துப்பாக்கியுடன் பயிற்சி செய்யும்போது, முன்னறிவிப்பின்றி ஆறிய கோது ஒன்றை மாணவரின் கழுத்துக்குள் போடுகிறேன். குழல் முன்னோக்கியே நிற்க, விரல் விசையை விட்டு நீங்க, துப்பாக்கியை மேசையில் வைத்த பின்பே கை கழுத்துக்குப் போக வேண்டும். இதை இருபது முப்பது தடவை செய்தவருக்கு உண்மையான சூடு பட்டாலும் உடம்பு தானாகவே சரியாக நடந்துகொள்ளும்.

கண்ணுக்குப் பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். காதைப் பொறுத்தவரை, கைத்துப்பாக்கிச் சூட்டின் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. பெரிய ரவைகளில் 160ஐயும் நெருங்கும். உள்ளரங்கில் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்புவதால், காதுக்குள் வைக்கும் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்தே அணிவது நல்லது. இரண்டும் சேரும்போது பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, ஏறக்குறைய 5 டெசிபல் மட்டுமே கூடுகிறது. இருந்தாலும் விரைவுத் தொடர் நடக்கும் அறையில் அந்த ஐந்தும் பெறுமதியானது.

சுடும் கோட்டில்

துப்பாக்கியை எப்போதும் ரவை உள்ளதாகவே கருதுவது, குழல்வாயை இலக்குப் பக்கம் தவிர வேறெங்கும் திருப்பாதிருப்பது, குறியைக் காணும்வரை விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்து சுடுவது ஆகிய நான்கையும் அனைவரும் கேட்டிருப்பார்கள். விரைவுச் சூட்டில் முதலில் தவறுவது மூன்றாவது. தொடர் முடிந்ததும் விரல் விசைமேலேயே தங்கிவிடும்; சுட்டவருக்கு அது தெரிவதே இல்லை. ஆகவே ஐந்தாவது ரவை போனதும் விரலை நேராக்கி, அது குழலுக்கு இணையாக நிற்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

கொழும்புத் தளங்களில் கட்டளைகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும். முறையான கட்டளைகள் ‘லோட்’, ‘ஸ்டொப்’, ‘அன்லோட்’ என்பனவாயினும், அவசர வேளையில் தளத்தைக் கண்காணிக்கும் அதிகாரியின் வாயில் ‘நவத்தன்ன’ என்பதே முதலில் வந்துவிடுவது இயல்பு. தமிழ் மட்டும் பழகிய பிள்ளைகள் அந்தச் சொல்லின் பொருளை மனத்துள் மொழிபெயர்க்கும் நேரத்தில் இன்னொரு ரவை போய்விடும். எனவே முதல் நாளிலேயே ‘ஸ்டொப்’, ‘நவத்தன்ன’, ‘நிறுத்து’ என்ற மூன்று சொற்களையும் மாறி மாறிச் சொல்லிப் பழக்குகிறோம். அந்தச் சொல்லை எவர் சொன்னாலும், அவர் அதிகாரியோ பார்வையாளரோ பக்கத்துத் தடத்துச் சிறுவனோ, விரல் நிற்க வேண்டும். சொன்னது சரியா என்பதை விசாரிப்பது பிறகு.

சூடு நிறுத்தப்பட்டதும் மகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னிழுத்துத் திறந்து, ரவை அமரும் அறையைக் கண்ணாலும் தேவையெனில் சிறுவிரலாலும் பார்த்து, அது வெறுமை என்று காட்டும் பளிச்சென்ற நிறமுடைய பாதுகாப்புக் கொடியைச் செருகி, வாய் இலக்குப் பக்கம் இருக்கத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். இலக்குப் பக்கம் எவரேனும் சென்றிருக்கும்போது துப்பாக்கியையும் மகசினையும் தொடலாகாது. பார்வைக் கருவியைச் சரிசெய்வதும் கூடாது. பிறருடைய துப்பாக்கியைத் தொடுவதற்கு அவருடைய வாய்மொழி அனுமதி வேண்டும். தலையசைப்பு போதாது, ஏனெனில் காது மூடியிருப்பவர் நீங்கள் கேட்டதை விளங்கிக்கொள்ளாமலே தலையசைத்திருக்கலாம். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்றே எடுக்க வேண்டும்.

மின்சாரம் திடீரென நின்றுபோவது நம் ஊருக்குப் புதிதன்று. 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டைக் கண்டவர்களுக்கு, ஜெனரேட்டர் இயங்கத் தொடங்குவதற்குள் கழியும் அந்த இருண்ட செக்கன்கள் நினைவிருக்கும். தொடரின் நடுவே விளக்கு அணைந்தால் விரலை விசையிலிருந்து எடுத்து, குழலை முன்னோக்கியே வைத்து, கால்களை அசைக்காமல் நிற்க வேண்டும். திரும்பிக் கதவைத் தேடக் கூடாது. வெளிச்சம் வந்த பின்பும், காற்றோட்ட விசிறி மீண்டும் இயங்கும்வரை சுடுவதற்கு இடமில்லை.

விரைவைக் கூட்டும் முறை

கொழும்பில் இளையவர்கள் பலரும் தொடங்குவது காற்றழுத்தத்தால் குண்டை உந்தும் 10 மீற்றர் எயார் ரைபிளில். 1994 இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் நாட்டுக்குத் தங்கம் வென்றது அதில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் டெஹானி எகொடவெல பங்குபற்றியதும் அதில்தான். ஒவ்வொரு முறையும் 4.5 மில்லிமீற்றர் குண்டு ஒன்றை மட்டும் இட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கி பொறுமையைக் கற்பிக்கிறது. அங்கிருந்து ஐந்து ரவை மகசினுக்கு வருபவருக்கு விரைவு ஒரு விடுதலைபோலத் தோன்றுவது இயற்கை. அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன்.

முதலில் வெற்றுத் துப்பாக்கியுடன், ரவைகள் அந்த அறையிலேயே இல்லாதபோது, கையை உயர்த்திக் குறியைப் பிடித்து விசையை அழுத்தும் அசைவைப் பழக வேண்டும். அடுத்து மகசினில் ஒரே ரவை. சுட்ட பின் குறி தானாகத் திரும்பி நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் குறை பிடியிலோ நிற்கும் நிலையிலோ இருக்கிறது, அதை வேகத்தால் மறைக்க முடியாது. பிறகு இரண்டு ரவைகள், மூன்று செக்கன் இடைவெளியில், அதன்பின் இரண்டு செக்கன், அதன்பின் ஒன்று. இரண்டாவது ரவை முதலாவதிலிருந்து ஒரு சாண் விலகினால் முந்திய படிக்குத் திரும்புகிறோம். இரண்டு ரவைகளில் கட்டுப்பாடு வந்த பின்புதான் மூன்று, பின்பு ஐந்து. குறி மறுபடி கண்ணில் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே விசையை அழுத்தலாம் என்பது எல்லாப் படிகளுக்கும் பொதுவான நிபந்தனை. தெரியாவிட்டால் நேரம் போனாலும் போகட்டும்.

ஐந்து ரவைகளுக்கு வந்தவுடன் நான் முதலிற் சொன்ன சோதனை தொடங்கும். இரண்டாவதற்குப் பிறகோ நான்காவதற்குப் பிறகோ, எப்போது என்று சொல்லாமல் ‘ஸ்டொப்’ என்பேன். ஒரு ரவை கூடுதலாகப் போனாலும் அன்றைக்கு மறுபடி மெதுவான சூடுதான். திறமையான பிள்ளைகள் இதில் கலங்குவதுண்டு. மதிப்பெண் நன்றாக வந்திருக்கும்போது ஏன் தண்டனை என்று ஒரு மாணவி கண்கலங்கக் கேட்டாள். இது தண்டனை அன்று, மகளே, பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு என்றேன். மூன்று வாரங்களில் அவள் நான்கு செக்கன் தொடரின் நடுவிலும் நின்று காட்டினாள்.

வியர்வையையும் கவனிக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் உள்ளங்கை நனைந்திருந்தால் முதல் ரவையில் இருந்த பிடி மூன்றாவதில் இருக்காது. சிறு துவாய் ஒன்றை இடுப்பில் செருகி, ஒவ்வொரு தொடருக்கும் முன் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

போட்டி விதி காட்டும் வழி

ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஆடவர் 25 மீற்றர் ரெபிட் ஃபயர் பிஸ்டல் (விரைவுச் சூட்டுக் கைத்துப்பாக்கி) போட்டியின் ஒழுங்கு, சாதாரணத் தளத்தில் பயிற்சி செய்பவருக்கும் நல்ல வழிகாட்டி. தகுதிச் சுற்றில் 60 ரவைகள், 30 வீதம் இரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து ரவைத் தொடர்கள் ஆறு: 8 செக்கனில் இரண்டு, 6 செக்கனில் இரண்டு, 4 செக்கனில் இரண்டு. பக்கம் பக்கமாக நிற்கும் ஐந்து இலக்குகளுக்கு ஒவ்வொரு ரவை. ‘லோட்’ கட்டளைக்குப் பின் ரவை நிரப்ப ஒரு நிமிடம் தரப்படும். ‘அட்டென்ஷன்’ என்றதும் சிவப்பு விளக்கு எரியும். வீரர் கையை 45 பாகைக்கு மேல் உயராதபடி தாழ்த்திக் காத்திருப்பார். ஏழு செக்கன் கழித்துப் பச்சை விளக்கு வந்த பின்பே கை உயர வேண்டும். உலகின் மிக விரைவான கைத்துப்பாக்கி வீரர்கள் நான்கு செக்கன் சுடுவதற்கு ஏழு செக்கன் அசையாமல் நிற்கிறார்கள். மகசினில் ஐந்துக்கு மேல் ரவை இடப்படுவதுமில்லை; தளத்தில் பயிற்சி செய்யும் நாமும் அந்த எண்ணிக்கையைத் தாண்ட வேண்டியதில்லை.

இந்தப் போட்டியில் 1948 இலும் 1952 இலும் தங்கம் வென்ற ஹங்கேரிய வீரர் கரோய் டகாச், 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர். இடக்கையால் எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். படிப்படியாகப் போவதை அலுப்பாக எண்ணும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன்.

ரவை வெடிக்காதபோது

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் துப்பாக்கியைப் பிடித்த பிடியிலேயே குழலை இலக்கு நோக்கி வைத்து, மற்றக் கையை உயர்த்தி அதிகாரியை அழைக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் ரவைகள் உண்டு என்பதால், குறைந்தது 30 செக்கன் அப்படியே காத்திருந்த பின்னரே ஸ்லைடைத் திறக்கலாம். போட்டியிலும் இதே ஒழுங்குதான்: அதிகாரி பார்க்கும் முன் வீரர் துப்பாக்கியைத் திறந்துவிட்டால் கோளாறுக்கான சலுகையை, அதாவது தொடரை மறுபடி சுடும் வாய்ப்பை, அவர் இழந்துவிடுவார்.

இதைவிடக் கொடியது அரைவெடி. ரவையில் வெடிமருந்து இல்லாமலோ குறைந்தோ இருக்கும்போது, அதைப் பற்றவைப்பதற்காக ரவையின் அடியில் உள்ள பற்றுமருந்து மட்டும் எரிந்து சன்னத்தைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். ‘டப்’ என்ற மந்தமான ஒலி கேட்கும். வழக்கமான உதைப்பு இராது. தாளிலும் துளை விழாது. மெதுவாகச் சுடுபவர் இதை உடனே உணர்ந்துகொள்வார். விரைவுத் தொடரில் இருப்பவரோ, ஸ்லைட் இயங்காததைக் கண்டு பழக்கத்தினால் அதை இழுத்துவிட்டு அடுத்த ரவையைச் சுட்டுவிடுவார். அடைபட்ட குழலில் அந்த இரண்டாவது ரவை குழலை வீங்கச் செய்யும் அல்லது பிளக்கும். ஒலியிலோ உதைப்பிலோ சிறு வேறுபாடு தோன்றினாலும் தொடரை அங்கேயே கைவிட்டு, துப்பாக்கியை வெறுமையாக்கி, குழலைத் தளத்தின் ஆயுதப் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். நல்ல ரவையாகவே இருந்து தொடர் வீணானாலும் பரவாயில்லை.

ஈயமும் நம் கைகளும்

ஒவ்வொரு வெடியிலும் பற்றுமருந்திலிருந்தும் சன்னத்திலிருந்தும் நுண்ணிய ஈயத்தூள் வெளியேறும். விரைவுத் தொடரில் அது காற்றோட்டம் இழுத்துச்செல்வதைவிட விரைவாகச் சேரும். சுடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்குப் பக்கம் காற்று சீராக ஓடுவதை, மெல்லிய தாள்கீற்று ஒன்றைக் கோட்டில் பிடித்தே பார்த்துக்கொள்ளலாம். தாள் உங்கள் முகத்தை நோக்கி அசைந்தால் அன்று சுட வேண்டாம். தரையில் சிதறிய கோதுகளைத் தும்புத்தடியால் உலரக் கூட்டுவது தூளை மறுபடி காற்றில் எழுப்பும். ஈரத்துணியோ, நுண்தூளை வடிகட்டும் உறிஞ்சியோ பயன்படுத்த வேண்டும். கோதுகளைத் தொப்பியில் அள்ளி, அதே தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் உண்டு. அதை அன்போடு தடுக்க வேண்டும்.

தளத்துக்குள் ரோல்ஸ், பெற்றிஸ், பிளேன் டீ எதுவும் கூடாது. நாம் கையால் சோறு பிசைந்து உண்பவர்கள். கரண்டியால் உண்பவரைவிட நம் விரல்களிலும் நகக்கண்களிலும் இருக்கும் ஈயம் நேராக வயிற்றுக்குப் போகும். குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் முழங்கைவரை கழுவி, நகத்தடியைத் தேய்த்து, முகத்தையும் கழுவிய பின்பே உணவுப் பொதியைப் பிரிக்கலாம். சுட்டபோது அணிந்த சட்டையைத் தனிப் பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்ற வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அது ஓடி வந்து கைநீட்டினாலும், குளித்து உடைமாற்றிய பின்பே தூக்குங்கள்.